பேரில்லாதவன் பேசிய பேச்சு

"பேய்க் கதைக்கெல்லாம் ஒரு கட்டுரையா தோழர், வேற வேலை இல்லியா?" என்று கேட்டார் நண்பர் ஒருவர். வேலை நிறைய இருக்கிறது. பயத்தைப் பற்றிப் பேசுவதும் அந்த வேலையில் சேர்ந்ததுதான் என்று நான் நினைக்கிறேன். ஊர் எதைக் கண்டு பயப்படுகிறது, யாரைப் பேய் என்கிறது என்று கவனித்தால் ஊரைப் பற்றி நிறையத் தெரிந்துகொள்ளலாம்.

எங்கள் ஆயா சொன்ன பேய்க் கதைகளில் பேய் பிடிப்பது பெரும்பாலும் ஊர்த்தெருப் பெண்களை. பிடித்த பேய் எங்கள் தெரு ஆள். கிணற்றில் விழுந்து செத்தவன், அடிபட்டுச் செத்தவன், புளியமரத்தில் தொங்கியவன். "அவன் ஏன் ஆயா செத்தான்?" என்று கேட்டால், வெற்றிலையை மென்றுகொண்டே "அது வேற கத" என்பாள். எனக்கு வேண்டியிருந்தது அந்த வேற கதைதான். பேயான பிறகு அவன் செய்ததெல்லாம் ஊருக்கே தெரியும். பேயாவதற்கு முன்னால் அவனுக்குச் செய்ததை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

அந்த வேற கதையை, பேய் என்று சொல்லப்பட்டவன் வாயாலேயே சொல்ல வைத்த நாவல் ஒன்று உண்டு. மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்'. 1818 ஜனவரியில் லண்டனில் வெளிவந்தது. எழுதத் தொடங்கியபோது, 1816 கோடையில், மேரிக்கு வயது 18. முதல் பதிப்பில் எழுதியவர் பெயரே கிடையாது. கணவர் ஷெல்லி எழுதியது என்றே பலர் நினைத்தார்கள். 1823இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் மேரியின் பெயர் அச்சேறியது. பெயரில்லாத ஒருவனைப் பற்றிய புத்தகம், பெயர் போடாத ஒரு பெண்ணிடமிருந்து வந்திருக்கிறது.

கல்லூரியில் ஆங்கில நான்டீட்டெயிலாக இதை முதலில் படித்தேன். சுருக்கிய பதிப்பு. விஞ்ஞானி ஒருவன் பிணத் துண்டுகளை ஒட்டவைத்து உயிர் கொடுக்கிறான், அது வெறிபிடித்துக் கொலை செய்கிறது, முடிந்தது கதை. எம்.ஏ. தமிழ் படிக்கும்போது அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முழு நாவலையும் படித்தேன். அப்போதுதான் தெரிந்தது, சுருக்கியவர்கள் எதை வெட்டியெறிந்திருந்தார்கள் என்று. அவன் பேசுகிற பேச்சை. நாவலின் நடுவில் ஆறு அத்தியாயங்களுக்கு அவன் பேசுகிறான். அந்த ஆறையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது பேய்க் கதைதான்.

நான் அவனை 'அவன்' என்றே எழுதுகிறேன். பூதம், அரக்கன் என்று எழுதக் கை வரவில்லை. அரக்கன், அசுரன் என்ற சொற்களெல்லாம் யாரைச் சுட்டப் புறப்பட்டவை என்று பெரியாரைப் படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கதைக்கு வருகிறேன். விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் ஜெனீவாவின் பெரிய இடத்துப் பிள்ளை. அப்பா ஆட்சிப் பொறுப்பில் இருந்தவர். விக்டர் ஜெர்மனிக்குப் படிக்கப் போய், பிண அறுவைக் கூடத்திலும் கசாப்புக் கூடத்திலும் சேகரித்த உறுப்புகளைக் கொண்டு எட்டடி உயர மனிதன் ஒருவனைச் செய்கிறான். நவம்பர் மாத இரவில் அது கண் திறக்கிறது. மஞ்சள் தோலையும் கறுத்த உதட்டையும் பார்த்த உடனே விக்டருக்கு அருவருப்பு. படுக்கையறைக்கு ஓடிப் படுத்துக்கொள்கிறான். பிறந்தவன் பின்னாலேயே வந்து கட்டில் திரையை விலக்குகிறான். வாயைத் திறந்து என்னவோ முனகுகிறான், சிரிக்கிறான், கையை நீட்டுகிறான். படைத்தவன் மாடிப்படி இறங்கி ஓடிப்போகிறான்.

அவன் செய்த முதல் காரியம் கை நீட்டியது. அதுவரை யாரையும் அவன் தொட்டதுகூட இல்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். பிணத்தைத் தோண்டி எடுத்தது விக்டர். அறுத்துத் தைத்தது விக்டர். மாதக்கணக்கில் அதிலேயே புழங்கியதும் விக்டர்தான். அவனுக்கு எந்தத் தீட்டும் ஒட்டவில்லை. கடைசிவரை பெரிய வீட்டுப் பிள்ளையாக, படித்தவனாகவே வலம் வருகிறான். தீட்டு முழுவதும் படைக்கப்பட்டவன் தலையில் விடிகிறது. செத்த மாட்டைத் தூக்கு, பிணத்தை எரி, பறையை அடி என்று வேலையைத் தலையில் கட்டியவர்கள் சுத்தமாகவும், செய்தவர்கள் அசுத்தமாகவும் ஆன கணக்கு நமக்குப் புதிதா?

காட்டில் திரிந்தவன் ஒரு குடிசையை ஒட்டின கொட்டகைக்குள் ஒளிந்துகொள்கிறான். அதன் ஒருபக்கம் பன்றிக் கொட்டில். பலகை அடைத்த சன்னலில் கண் வைக்கிற அளவுக்கு ஓர் இடுக்கு. அதன் வழியே உள்ளே இருக்கும் குடும்பத்தைப் பார்க்கிறான். கண் தெரியாத முதியவர் டி லாசி, மகன் ஃபெலிக்ஸ், மகள் அகதா. முதலில் அவர்கள் வைத்திருக்கும் உணவை இரவில் எடுத்துத் தின்கிறான். அவர்களே அரைப் பட்டினி என்று தெரிந்ததும் அதை நிறுத்திவிட்டுக் காட்டுப் பழமும் கிழங்கும் தின்று வயிற்றைக் கழுவுகிறான். இரவோடு இரவாக விறகு வெட்டிவந்து வாசலில் போடுகிறான். பனியைத் தள்ளிப் பாதை போடுகிறான். காலையில் எழுந்து பார்க்கிறவர்கள் இது ஏதோ நல்ல தேவதை செய்த வேலை என்கிறார்கள். இந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். விறகு வேண்டும், போட்ட பாதை வேண்டும். செய்த கையின் முகம் மட்டும் வேண்டாம்.

அந்த இடுக்கு வழியாகத்தான் அவன் படிக்கிறான். ஃபெலிக்ஸ், அங்கே வந்து சேரும் சஃபி என்ற பெண்ணுக்குப் பிரெஞ்சு மொழி சொல்லிக்கொடுக்கிறான். பாடப் புத்தகம் வோல்னி எழுதிய பேரரசுகளின் அழிவு பற்றிய நூல். சஃபி உள்ளே உட்கார்ந்து படிக்கிறாள், இவன் பன்றிக் கொட்டில் பக்கமிருந்து படிக்கிறான். அவளைவிட வேகமாகத் தேறுகிறான். சொத்து எப்படிப் பிரிந்தது, வம்சம் என்றால் என்ன, உயர்ந்த ரத்தம் என்றால் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்கிறான். அமெரிக்காவின் பூர்வகுடிகளுக்கு நேர்ந்ததைக் கேட்டு அழுகிறான். பிறகு தனக்கென்ன வம்சம், தனக்கென்ன சொத்து என்று யோசிக்கிறான். படிப்பு அவனுக்கு முதலில் கொடுத்தது சந்தோஷம், அடுத்துக் கொடுத்தது வலி. சின்ன வயதில் அம்பேத்கர் வீட்டிலிருந்து சாக்குத் துண்டைக் கொண்டுபோய் வகுப்பில் தனியாக விரித்து உட்கார்ந்து படித்தவர். பியூன் வந்து ஊற்றினால்தான் அவருக்குத் தண்ணீர். நம்முடைய முதல் தலைமுறைப் படிப்பு பாதி இப்படி ஓர் இடுக்கு வழியாக வந்ததுதான்.

ஒருநாள் துணிந்து முதியவர் தனியாக இருக்கும் நேரம் பார்த்து உள்ளே போகிறான். கண் தெரியாதவர் அன்பாகப் பேசுகிறார். பேச்சை வைத்து, நீ பிரெஞ்சுக்காரனா என்று விசாரிக்கிறார். இல்லை, ஒரு பிரெஞ்சுக் குடும்பத்திடம் படித்தவன் என்கிறான். உதவுகிறேன் என்கிறார். கடைசியில், நீ யாரப்பா என்று அவரும் கேட்டுவிடுகிறார். அவன் பதில் சொல்வதற்குள் பிள்ளைகள் திரும்பி வந்துவிடுகிறார்கள். அகதா மயங்கி விழுகிறாள். சஃபி ஓடிப்போகிறாள். ஃபெலிக்ஸ் கம்பை எடுத்து அடிக்கிறான். கையால் பிய்த்துப் போடுகிற பலம் உள்ளவன் திருப்பி அடிக்காமல் வெளியேறுகிறான்.

இந்தக் காட்சியை மேரி ஷெல்லி நம்பிக்கையோடு எழுதியிருக்கிறார் என்று தோன்றுகிறது. கண் இல்லாவிட்டால் வெறுப்பும் இருக்காது என்ற நம்பிக்கை. அந்த ஊருக்கு அது பொருந்தலாம். நம் ஊரில் பொருந்தாது. சாதி கண்ணால் மட்டும் பார்ப்பதில்லை, காதாலும் பார்க்கும். டவுனில் வாடகைக்கு வீடு தேடியபோது போனில் ஓர் அம்மா என்னிடம் அவ்வளவு அன்பாகப் பேசினார். "டீச்சராம்மா, வாங்க வாங்க." அடுத்த கேள்வி, "சொந்த ஊரு எது?" அதற்கடுத்து, "ஊர்ல எந்தப் பக்கம்?" பதில் சொன்னேன். "வீட்டுக்காரர்கிட்ட கேட்டுச் சொல்றேம்மா." அந்தப் போன் இன்றைக்குவரை வரவில்லை. டி லாசி கடைசியாகக் கேட்ட கேள்வியை இங்கே முதலிலேயே கேட்டுவிடுவார்கள்.

ஃபெலிக்ஸ் யார் என்பதையும் சொல்லியாக வேண்டும். அவன் கெட்டவன் இல்லை. பாரிசில் அநியாயமாக மரண தண்டனை விதிக்கப்பட்ட ஒரு துருக்கிய வணிகரை, மதத்தின் பேரால் நடந்த அநீதியைச் சகிக்காமல், சிறையிலிருந்து தப்பவைத்தவன். அதற்காக அவன் குடும்பமே சொத்து இழந்து நாடு கடத்தப்பட்டது. அந்த வணிகரின் மகள்தான் சஃபி. நம் பாஷையில் சொன்னால் ஃபெலிக்ஸ் ஒரு முற்போக்காளன், தியாகம் செய்தவன். வோல்னியைப் பாடமாக நடத்துகிறவன். அவன் கையில்தான் கம்பு இருந்தது. மேடையில் எல்லா அநியாயத்தையும் கிழிக்கிற தோழர்கள், தங்கள் வீட்டுக் கூடத்துக்குள் நாம் நுழைகிறபோது என்ன ஆகிறார்கள் என்று பார்த்தவர்களுக்கு இந்தப் பக்கங்கள் பேய்க் கதையாகத் தோன்றாது.

இதற்குப் பிறகுதான் அவன் படைத்தவனைத் தேடிப் போகிறான். அவன் கேட்பது ஒன்றே ஒன்று. தன்னைப் போல ஒரு துணை. கொடுத்தால் தென் அமெரிக்கக் காடுகளுக்குப் போய்விடுகிறோம், மனிதர் கண்ணில் படமாட்டோம் என்கிறான். ஊரை விட்டே போறோம், வாழ விடுங்க என்கிறான். விக்டர் முதலில் ஒத்துக்கொண்டு, ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னித் தீவு ஒன்றில் வேலையைத் தொடங்குகிறான். பாதியில் யோசனை வருகிறது. இவர்களுக்குப் பிள்ளை பிறந்தால்? இந்த இனம் பெருகினால்? அந்தப் பெண் இவனை விட்டு உயர்ந்த மனித அழகின் பக்கம் திரும்பினால்? சன்னலுக்கு வெளியே அவன் பார்த்துக்கொண்டு நிற்க, பாதி செய்த பெண்ணுடலை விக்டர் துண்டு துண்டாகக் கிழிக்கிறான்.

இந்த நாவலில் எனக்குப் பயம் வந்த இடம் இது ஒன்றுதான். 1916 மே மாதம் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அம்பேத்கர் 'இந்தியாவில் சாதிகள்' என்ற கட்டுரையைப் படித்தார். அகமணம்தான் சாதியின் உயிர்நிலை, யார் யாரை மணப்பது என்பதைக் கட்டிக்காப்பதில்தான் சாதி நிற்கிறது என்று அதில் நிறுவினார். அதற்கு நூறு ஆண்டுக்கு முன்னால் எழுத உட்கார்ந்த மேரி ஷெல்லிக்குச் சாதியைப் பற்றிச் சொல்ல எதுவும் இருக்கவில்லை. ஆனால் மேல் நிலையில் இருப்பவனின் கடைசிப் பயம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. 2003இல் விருத்தாசலம் பக்கம் புதுக்கூரைப்பேட்டையில் முருகேசனையும் கண்ணகியையும் தேடிப் பிடித்து வந்து விஷம் ஊற்றிக் கொன்று எரித்தார்கள். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் சங்கரைப் பட்டப்பகலில் நடுரோட்டில் வெட்டினார்கள். ஆர்க்னித் தீவில் விக்டருக்கு வந்த யோசனைதான் இவர்களுக்கும் வந்தது. கிழிக்கப்பட்ட அந்தப் பெண்ணிடம் அவள் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கேட்டவனும் கேட்கவில்லை, செய்தவனும் கேட்கவில்லை.

புத்தகம் வெளியே போனபின் அதற்கு என்ன செய்தார்கள் என்பது தனிக் கதை. 1823இல் லண்டனில் நாடகமாகப் போட்டார்கள். மேடையில் அவன் ஊமை. 1824 மார்ச்சில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அடிமை முறை பற்றிய விவாதம். வெளியுறவு அமைச்சர் ஜார்ஜ் கேனிங் எழுந்து, கறுப்பின அடிமைகளை உடனே விடுவிப்பது இந்த நாவலில் வரும் உருவத்துக்கு உயிர் கொடுப்பது மாதிரி, உடல் பலம் இருக்கும், அறிவு இருக்காது என்ற கருத்தில் பேசினார். படித்தவர்தான். ஆனால் எந்த நாவலைப் படித்தார்? நாவலில் அவன் ஒளிந்திருந்தே ஒரு மொழியைக் கற்று, மில்டனையும் புளூட்டார்க்கையும் படித்து, படைத்தவனிடமே நியாயம் பேசுகிறான். அறிவு இல்லை என்று அவனைப் பற்றி எப்படிச் சொல்ல முடியும்? பேச்சை வெட்டிவிட்டுப் பலத்தை மட்டும் எடுத்துக்கொண்டால்தான் சொல்ல முடியும்.

1931இல் ஹாலிவுட் படம் வந்தது. ஜேம்ஸ் வேல் இயக்கம், போரிஸ் கார்லாஃப் நடிப்பு. உலகத்துக்குத் தெரிந்த அந்தச் சப்பைத் தலை முகம் இதில் வந்ததுதான். அதில் அவன் உறுமுவான், பேச மாட்டான். போதாதற்கு நாவலில் இல்லாத ஒன்றையும் சேர்த்தார்கள். உதவியாள் தவறுதலாகக் குற்றவாளி ஒருவனின் மூளையைத் திருடிவந்து கொடுத்துவிடுகிறான். ஆக அவன் கொலை செய்வதற்குக் காரணம் மூளையிலேயே இருக்கிறது. பிறவிக் குணம்! நாவல் சொன்னது இதற்கு நேர் எதிர். நல்லவனாகத்தான் இருந்தேன், அடித்து அடித்து என்னை இப்படி ஆக்கினீர்கள் என்பதுதான் அவன் வாதம். அந்தப் படம் ஓடிய காலத்தில் நம் சென்னை மாகாணத்தில் குற்றப் பரம்பரைச் சட்டம் நடப்பில் இருந்தது. 1871இல் வந்து, 1911இல் இங்கேயும் நீட்டிக்கப்பட்ட சட்டம். குறவர் முதலான பல சமூகங்களைப் பிறப்பாலேயே குற்றவாளி என்று எழுதிவைத்த சட்டம். சினிமாக்காரர்களுக்கு அந்தச் சட்டம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பிறவிக் குற்றம் என்ற எண்ணம் அங்கேயும் இங்கேயும் ஒரே காற்றில்தான் கலந்திருந்தது. 1994இல் கென்னத் பிரானா எடுத்த படத்தில் அவனுக்குப் பேச்சு திரும்பக் கிடைத்தது. ஆனாலும் சனங்கள் மனசில் நிற்பது அந்த ஊமைதான். பேருகூட அவனுக்குச் சொந்தமில்லை. படைத்தவன் பெயரான ஃபிராங்கன்ஸ்டைனைச் சொல்லித்தான் இன்றைக்கும் அவனைக் கூப்பிடுகிறார்கள்.

இவ்வளவு சொன்னதால் இந்த நாவலை நான் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். சண்டை போடவும் நிறைய இருக்கிறது. வோல்னி பாடத்தில் ஆசியக்காரர்கள் சோம்பேறிகள் என்று வருகிறது. அவனும் கேள்வி கேட்காமல் அதை வாங்கிக்கொள்கிறான். சஃபியின் அப்பாவான துருக்கியர் நன்றி கெட்டவராகத்தான் வருகிறார். அநியாயத்தைப் பற்றி எழுதிய அந்தக் கையிலும் ஐரோப்பியத் திமிரின் அழுக்கு இருக்கிறது.

என்னுடைய பெரிய சண்டை ஜஸ்டீன் பற்றியது. ஜஸ்டீன் விக்டர் வீட்டு வேலைக்காரி. அவன் விக்டரின் தம்பியான சிறுவனைக் கொல்கிறான். சின்னப் பிள்ளைக்கு வெறுப்பு தெரியாது, தூக்கிப்போய் வளர்த்துத் தோழனாக்கிக் கொள்ளலாம் என்று நினைத்துத்தான் கையைப் பிடிக்கிறான். பிள்ளையோ எங்க அப்பா பெரிய ஆளு, உன்னைத் தண்டிப்பார் என்று கத்துகிறான். அதுவரை புரிந்துகொள்ள முடிகிறது. பிள்ளை கழுத்திலிருந்த படத்தை எடுத்து, வைக்கோல் கொட்டகையில் தூங்கிக்கொண்டிருந்த ஜஸ்டீன் உடுப்பில் அவன் சொருகிவைக்கிறானே, அங்கேதான் எனக்கும் அவனுக்கும் ஒத்துவரவில்லை. இவள் எப்படியும் என்னைப் பார்த்துச் சிரிக்கப் போவதில்லை, அதனால் பழியைச் சுமக்கட்டும் என்பது அவன் நியாயம். பாதிரியார் நரகத்தைக் காட்டி மிரட்டி அவளிடம் பொய் வாக்குமூலம் வாங்குகிறார். உண்மை தெரிந்த விக்டர் வாயைத் திறக்கவில்லை. வேலைக்காரி தூக்கில் தொங்குகிறாள். அடிபட்டவனின் கோபம் மேலே ஏறாமல் கீழே இருக்கிற பெண்மேல் இறங்கும் என்பதை இதைவிடப் பச்சையாகச் சொல்ல முடியாது. வெளியே வாங்கிய அடிக்கெல்லாம் ராத்திரியில் வீட்டுப் பெண்ணிடம் கணக்குத் தீர்க்கிற ஆண்கள் எங்கள் தெருவிலும் உண்டு. அவன் வலியை எழுதுகிறவர்கள் ஜஸ்டீனைத் தாண்டிப் போய்விடக் கூடாது.

காலனியில் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். ஏழாவது படிக்கிற ஒருத்தி கேட்டாள், "ஏங்க்கா, அவன் ஏன் நம்ம மாதிரி தெருவுக்கு வரல? வந்திருந்தா சோறு போட்டிருப்போம்ல?" எந்த ஆய்வுக் கட்டுரையிலும் இந்தக் கேள்வியை நான் பார்த்ததில்லை. நாவலில் அவனுக்கு அம்மா இல்லை, ஆயா இல்லை, தெரு இல்லை, சாவுக்கு அடிக்கப் பறை இல்லை. அவனுக்கு நடந்ததில் பாதி நமக்கும் நடந்தது. ஆனால் நாம் தனியாக இருந்ததில்லை. கூடி அழுதோம், கூடிப் பாடினோம், சங்கம் வைத்தோம். அதனால்தான் வடதுருவத்துக்குப் போய்ச் சிதை மூட்டி எரிந்துபோகிறேன் என்று அவன் கடைசியில் சொல்கிற முடிவு நமக்கு வேண்டியதில்லை. அவன் எரிந்ததை நாவலும் காட்டவில்லை. பனிக்கட்டிமேல் ஏறி, அலை அடித்துக்கொண்டு போக, இருட்டில் மறைகிறான் என்பதோடு நின்றுவிடுகிறது.

சாட்சியம் எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அவன் பேச்சு நமக்கு நேராக வந்துசேரவில்லை. அவன் விக்டரிடம் சொல்ல, விக்டர் வால்ட்டன் என்ற கப்பல்காரனிடம் சொல்ல, வால்ட்டன் அதை எழுதித் தன் சகோதரிக்கு அனுப்புகிறான். எழுதியதை விக்டர் வாங்கிப் பார்த்துத் தன் கையால் திருத்துகிறான். அதிலும் முக்கியமாகத் தன் எதிரியோடு நடந்த உரையாடல்களை! அவனுடைய சாட்சியம் எதிரியின் கையால் திருத்தப்பட்ட சாட்சியம். அப்படி இருந்தும் அது இவ்வளவு உறைக்கிறதென்றால், திருத்தப்படாமல் வந்திருந்தால் எப்படி இருந்திருக்கும்? 1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தபோது தமிழில் நடந்தது அதுதான். இடுக்கு வழியாகப் பார்த்தவர்கள், நடுவில் ஆள் வைக்காமல், தங்கள் கையால் தங்கள் பேச்சில் எழுதத் தொடங்கினார்கள்.

இதை வாசிக்கப் போகிற மாணவர்களுக்குச் சொல்கிறேன். சுருக்கிய பதிப்பைத் தொடாதீர்கள். 1831 பதிப்பில் 11ஆம் அத்தியாயத்திலிருந்து 16 வரை அவன் பேசுகிறான். முதலில் அதைப் படியுங்கள். அதன் பிறகு திரும்பிப் போய், ஜஸ்டீனைக் கூண்டில் ஏற்றுகிற 8ஆம் அத்தியாயத்தையும் படியுங்கள். அவள் சொன்னதை யாரும் கேட்கவில்லை.